ஊர்கள் கூடிச் சீட்டுப் போட்டால்

போன ஜூன் விடுமுறைக்கு அமெரிக்காவின் ரெட்மண்டிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்து சிங்கப்பூர் ஈசூனில் எங்களோடு ஒரு வாரம் தங்கினார். வந்த மூன்றாம் நாள் எங்கள் புளோக்கில் ஒரு லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு போடும் வேலை. கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் நகர மன்றத்தின் தாள் நான்கு மொழியிலும் ஒட்டியிருந்தது. மச்சான் தமிழ்ப் பகுதியை வரிவரியாகப் படித்துவிட்டு, "மின்தூக்கின்னு நிஜமாவே எழுதுறாங்களே!" என்று சிரித்தார். அதற்கப்புறம் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"சரி, இந்த வேலைக்கு எந்த ஊர் காசு கொடுக்குது?"

"ஊருன்னா? இதுதான் ஊரு," என்றேன்.

அவருக்கு அது பதிலாகப் படவில்லை. அவர் இருக்கும் பக்கத்தில் கால் மணி நேரம் கார் ஓட்டினால் மூன்று ஊர் தாண்டிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம், தனி வரி, தனிப் பணப்பெட்டி. வசதி குறைந்தவர்களுக்கு மலிவான வீடு கட்டலாம் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் வருவது எந்த ஊர் பணம் என்ற கேள்விதான். சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வி மனதில் எழுவதே இல்லை. கேள்வி எழாததால் செலவு இல்லாமல் போய்விட்டதா, இல்லை வேறு யார் கணக்கிலாவது ஏறி உட்கார்ந்திருக்கிறதா? அவர் ஊர் திரும்பிய பிறகும் இது என்னை விடவில்லை.

முதலில் அவர் பக்கத்துக் கதை. சியாட்டிலுக்குக் கிழக்கே, ஏரிக்கு அக்கரையில் இருப்பவை பெல்வியூ, கர்க்லண்ட், ரெட்மண்ட் முதலிய ஊர்கள். மைக்ரோசாஃப்ட் தலைமையகம் அங்கேதான். நம்மவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. சம்பளம் ஏற வீட்டு விலையும் ஏறியது. அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், முதியோர் இல்லத்தில் பணி செய்கிறவர் எல்லாம் தொலைவில் குடியிருந்து தினமும் வந்துபோக வேண்டியதாயிற்று. 1992இல் அந்த மூன்று ஊர்களும், நம் மாவட்டம் மாதிரியான கிங் கவுண்டியும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 'ஆர்ச்' என்ற சுருக்கப் பெயரில் இன்றுவரை அது நடக்கிறது. இப்போது உறுப்பினர்கள் 15 ஊர்களும் கவுண்டியும். அதில் ஓர் ஊரின் மக்கள்தொகை சுமார் 300. எங்கள் புளோக்கில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊர் தனியாக ஒரு வீடமைப்பு அதிகாரியை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. ஆனால் பதினாறு பேர் சேர்ந்து ஓர் அலுவலகம் வைத்துக்கொள்ளலாம். யார் எங்கே கட்டுகிறார்கள், கணக்கு சரியா, பத்து வருடம் கழித்தும் வாடகை மலிவாகவே இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க ஆள் இருக்கும்.

பணம் சேர்ப்பது எப்படி என்பதில்தான் சுவாரசியம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மக்கள்தொகை, வேலைவாய்ப்பு, வருங்கால வளர்ச்சி ஆகியவற்றை வைத்து 'இந்த ஊர் இவ்வளவு போட்டால் நியாயம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சில ஊர்கள் ரொக்கமாகத் தரும். சில நிலமாகத் தரும். சில கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். எல்லாம் ஒரு பொது நிதிக்குப் போகும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று கூட்டாகப் பரிந்துரைத்தாலும், தன் ஊர் பணத்தை விடுவிக்க அந்தந்த ஊர் மன்றம் கையைத் தூக்க வேண்டும். ரெட்மண்ட் காசில் கர்க்லண்டில் வீடு எழும்பலாம், அடுத்த முறை மாறி வரலாம்.

நம் வீடுகளில் சீட்டுப் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என் அம்மா பத்து வருடம் பக்கத்து வீடுகளோடு சீட்டுப் போட்டார். மாதம் நூறு வெள்ளியை வைத்துக்கொண்டு ஒருவர் எதுவும் செய்ய முடியாது. இருபது பேர் போட்டால் ஒருவருக்கு இரண்டாயிரம். இந்த மாதம் உனக்கு, அடுத்த மாதம் எனக்கு. சீட்டின் உயிர் பணத்தில் இல்லை. எடுத்தவர் அடுத்த மாதமும் கட்டுவார் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. ஆர்ச்சும் அப்படித்தான். இந்த வருடம் பக்கத்து ஊரில் கட்டட்டும் என்று விட்டுக்கொடுப்பதற்கு, நாளை தன் முறை வரும் என்ற நம்பிக்கை வேண்டும்.

சீட்டுக்காசு மட்டும் வைத்து வீடு கட்ட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஊர்கள் போடுவது மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். பெரும்பங்கு, 1986இல் வந்த கூட்டரசு வரிச்சலுகை மூலமாகவும், மாநில நிதி, கவுண்டி நிதி, வங்கிக் கடன் வழியாகவும் வரும். ஆனால் உள்ளூர்க் காசு முதலில் விழுந்தால்தான் மற்றவை பின்னால் வரும். கல்யாணத்துக்கு முதல் மொய் எழுதுகிறவர் மாதிரி.

எல்லாச் சீட்டும் ஓடுவதில்லை. கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி ஒன்பது கவுண்டிகள், 101 ஊர்கள். 2019இல் ஒரு சட்டம் போட்டு அத்தனைக்கும் பொதுவாக ஒரு வீடமைப்பு நிதி அமைப்பை உருவாக்கினார்கள். 2024 நவம்பரில் 20 பில்லியன் டாலர் கடன்பத்திரத்துக்கு மக்களிடம் வாக்குக் கேட்பதாக இருந்தது. ஆகஸ்டிலேயே வாக்குச்சீட்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஜெயிக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது. அந்தத் திட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது, பணத்தில் பெரும்பகுதி அது திரட்டப்பட்ட கவுண்டிகளுக்கே திரும்பிப் போக வேண்டும் என்று. பகிர்ந்துகொள்வதற்காகப் பொதுப் பெட்டி வைத்துவிட்டு, போட்டவனுக்கே திரும்பத் தரவேண்டும் என்றும் எழுதிவைத்தால் அதில் பகிர்வு எவ்வளவு மிஞ்சும்? ஆனால் அந்த நிபந்தனை இல்லாமல் பணக்காரக் கவுண்டிகள் உள்ளே வந்திருக்கவும் மாட்டா.

கடன் வாங்குவதற்காகச் சேருவது இன்னொரு வகை. சிறிய ஊர் தனியாகப் போய்க் கடன் கேட்டால் வட்டி அதிகம். சில சமயம் யாரும் கொடுக்கவே மாட்டார்கள். சுவீடனில் 1986இல் ஒரேப்ரூ பகுதியில் சில ஊராட்சிகள் சேர்ந்து 'கொம்முனின்வெஸ்ட்' என்ற கடன் அமைப்பைத் தொடங்கின. இன்று கிட்டத்தட்ட நாட்டின் எல்லா ஊராட்சிகளும் அதில். ஒருவர் கடனுக்கு மற்ற எல்லாரும் ஜாமீன். அந்த ஜாமீனின் பலத்தில் மலிவான வட்டிக்குக் கடன் கிடைக்கிறது. ஊராட்சிகளுக்குச் சொந்தமான வாடகை வீட்டு நிறுவனங்களுக்கும் அதில் பங்கு போகிறது. டென்மார்க்கில் இதே மாதிரி ஒன்று 1898லிருந்தே இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அங்கே வீட்டுக்கு அல்ல, குடிநீருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும். 2000களின் தொடக்கத்தில் 13 சிறிய உள்ளாட்சிகளைச் சேர்த்து ஒரே கடன்பத்திரம் வெளியிட்டார்கள். 30.41 கோடி ரூபாய், 15 ஆண்டு, 9.20 விழுக்காடு வட்டி. தனித்தனியே போயிருந்தால் அந்த ஊர்களில் ஒன்றுக்குக்கூடச் சந்தையில் மதிப்பு இருந்திருக்காது. சேர்ந்து நின்றதோடு, அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் பொறுப்பேற்றது. ஓர் ஊர் தவணை தவறினால் மாநில அரசு அதற்குத் தரவேண்டிய பங்கில் பிடித்துக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. சீட்டுக்காரம்மா சம்பள நாளில் வாசலில் வந்து நிற்பது போல. ஒரு கோடைக்காலம் முழுக்கக் குடத்தோடு தண்ணீர் லாரிக்காக நின்ற ஊர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்போது நம் தீவுக்கு வருவோம். இங்கேயும் ஒரு காலத்தில் ஊராட்சி இருந்தது. நகருக்குள்ளே மாநகர சபை, வெளியே கிராமப்புற வாரியம். வீடு கட்டுவதற்கென்று 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி வந்தது. எஸ்ஐடி என்று தாத்தா காலத்தவர்கள் சொல்வார்கள். தியோங் பாரு அதன் கைவேலை. முப்பத்திரண்டு ஆண்டில் அது கட்டியது சுமார் 23,000 வீடுகள். மக்கள்தொகை அதற்குள் பதினாறு லட்சத்தை எட்டிக்கொண்டிருந்தது. பணமும் அதிகாரமும் நிலமும் வெவ்வேறு கையில் இருந்தால் கணக்கு இப்படித்தான் வரும்.

1957 டிசம்பரில் மாநகர சபைக்குத் தேர்தல் நடந்தது. ஓங் எங் குவான் மேயரானார். 1959இல் சுயாட்சி வந்ததும் சபையின் வேலைகள் அமைச்சுகளுக்கு மாறின. மேயர் பதவி அதோடு போயிற்று. 1960 பிப்ரவரி 1இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) வந்தது. முதல் ஐந்தாண்டிலேயே 50,000க்கும் அதிகமான வீடுகள். 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தது அந்த வேகத்துக்கு ஒரு காரணம். ஊர்கள் கூடிப் பேசி ஒப்பந்தம் போடும்வரை காத்திருந்தால் இந்த வேகம் வந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சீட்டு நடத்துவதைவிட, வீட்டில் ஒரே உண்டியல் வைப்பது சுலபம். ஆனால் உண்டியலில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது சீட்டில் தெரிவது போல் தெரியாது. நம் வீடமைப்பின் பெரிய வசதியும் இதுதான், பெரிய மயக்கமும் இதுதான்.

யார் போட்டார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதலில் நிலம் வைத்திருந்தவர்கள். 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. பின்னர் இழப்பீட்டை 1973 நவம்பர் 30 நிலவரப்படி இருந்த விலைக்கு மேல் போகாமல் கட்டிவைத்தார்கள். நிலம் ஏறினாலும் இழப்பீடு ஏறாது. முழுச் சந்தை விலை என்று மாறியது 2007இல்தான். 1960இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசிடம் இருந்தது, 1985இல் 76. என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவருக்குச் சொந்தமாக நிலம் கிடையாது, அதனால் எங்கள் குடும்பம் எதையும் இழக்கவில்லை, கிடைத்ததுதான் அதிகம். ஆனால் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த சீனக் குடும்பத்தைப் பற்றி அவர் கடைசிவரை பேசுவார். அந்தக் குடும்பம் நமக்காகப் போட்ட சீட்டுக்காசு அது, கேட்டு வாங்கியதில்லை.

இரண்டாவது வரி கட்டுகிறவர்கள். வீவக ஆண்டுதோறும் நட்டக் கணக்குக் காட்டுகிறது. கட்டும் செலவைவிடக் குறைத்து விற்பது, மானியம் கொடுப்பது எல்லாம் சேர்ந்து 2022 நிதியாண்டில் 5.38 பில்லியன் வெள்ளி, 2023 நிதியாண்டில் 6.775 பில்லியன் வெள்ளி. அரசாங்க மானியம் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. வீவக சந்தையில் கடன்பத்திரமும் விற்கிறது. 2022 மார்ச்சில் ஒரு பில்லியன் வெள்ளிக்கு முதல் பசுமைக் கடன்பத்திரம் வந்தது. சுவீடன் ஊராட்சிகள் சேர்ந்து நின்று பெறுகிற நல்ல மதிப்பை, நாட்டையே பின்னால் வைத்துக்கொண்டு வீவக பெறுகிறது.

மூன்றாவது நாமே, நம் சேமநிதியிலிருந்து. 1955இல் தொடங்கிய சிபிஎஃப்பை, அதாவது சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் மத்திய சேமநிதியை, வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்று 1968இல் அனுமதித்தார்கள். இந்த ஒரு மாற்றம்தான் வாடகைக் குடிகளை வீட்டுக்காரர்களாக்கியது. நாம் போடும் சேமநிதிப் பணம் அரசின் சிறப்புக் கடன்பத்திரங்களுக்குப் போகிறது. அரசாங்கம் வீவகவுக்குக் கடன் தருகிறது. வீவக நமக்குக் கடன் தருகிறது. அதன் வட்டி சேமநிதியின் சாதாரணக் கணக்கு வட்டியைவிட 0.1 விழுக்காடு கூட, அதாவது 2.5க்கு 2.6. மாதம் பிறந்தால் கடன் தவணை அந்தச் சேமநிதியிலிருந்தே போகிறது. ஒரு கையால் போட்டு மறு கையால் எடுப்பது போலத் தெரிந்தாலும், முப்பது வயதுக்காரர் போட்ட பணமும் ஐம்பது வயதுக்காரர் போட்ட பணமும் ஒரே குளத்தில் சேர்ந்திருப்பதால்தான் இளையவருக்குக் கடன் கிடைக்கிறது. வீட்டை விற்கும்போது எடுத்த அசலையும் அதற்குச் சேர்ந்திருக்க வேண்டிய வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதி பலருக்கு விற்கும் அன்றுதான் உறைக்கும். என் நண்பர் ஒருவர் கையில் வரப்போகும் ரொக்கத்துக்குப் புது சோபா பார்த்துவைத்திருந்தார். சோபா வரவில்லை.

நான்காவதுதான் சிக்கல். வீவக நிலத்தை அரசிடமிருந்து சந்தை மதிப்பில் வாங்குகிறது. அந்தப் பணம் நாட்டின் கடந்தகால இருப்பில், அதாவது முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த நிதியில், சேர்கிறது. ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதானே, எதற்கு இந்த நாடகம் என்று காப்பிக்கடையில் கேட்காதவர் இல்லை. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்திலேயே இதைப் பிடித்துக்கொண்டு நீண்ட விவாதம் நடந்தது. சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் லியோங் மன் வாய், வீட்டை வாங்கும்போது நிலத்தின் விலையைச் சேர்க்காமல், விற்கும்போது மட்டும் வசூலிக்கலாம் என்றார். அப்படிச் செய்தால் இருப்பில் கைவைப்பதாகும் என்றது அரசாங்கம்.

என் பார்வையில் இதுதான் ஆர்ச் கூட்டங்களில் நடக்கும் அதே வாதம். அங்கே பெல்வியூவுக்கும் ரெட்மண்டுக்கும் நடுவே. இங்கே இன்று வீடு வாங்குகிறவருக்கும் இன்னும் பிறக்காதவருக்கும் நடுவே. இருப்பின் முதலீட்டு வருமானத்தில் ஒரு பகுதி ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்துக்கு வருகிறது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகிறது. நிலத்தை இன்று இலவசமாகக் கொடுத்தால் இன்றைய வாங்குபவருக்கு லாபம், நாளைய பட்ஜெட்டில் அந்தளவு குறைவு. ஆனால் எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயமுண்டு. பிறக்காதவர் சார்பில் பேச இருப்பு நிதி இருக்கிறது. இருபத்தெட்டு வயதில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஜோடி சார்பில் அந்தக் கணக்கில் யார் பேசுகிறார்? அதற்காகத்தான் மானியங்களை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மேம்பட்ட மானியம் 2024 ஆகஸ்ட் முதல் அதிகபட்சம் 120,000 வெள்ளி. முதலில் நில விலையாக வாங்கிக்கொள், அப்புறம் மானியமாகக் கொடு. சுற்று வழிதான். யாருக்கு எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்க முடிகிறது என்பது அதன் லாபம். தலை சுற்றுகிறது என்பது நட்டம். வசதியான இடத்தில் வீடு கிடைத்தவர் கூடுதல் மானியத்தில் ஒரு பகுதியை விற்கும்போது திருப்பித்தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் வந்த பிளஸ், பிரைம் வகைகளும் இதே கணக்கின் நீட்சி. சீட்டை முதலில் எடுத்தவர் தள்ளுக்காசு விடுவது போல.

ஐந்தாவது பங்கு ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 1989 மார்ச்சில் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு உண்டு. இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரை. பேட்டை ஒரே இனத்தின் கூடாரமாக மாறாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது. நானும் அதை ஆதரிக்கிறவன்தான். ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வரும் கூட்டம் சுருங்கிவிடும். விலையும் சில சமயம் சுருங்கும். பொது நன்மைக்கான அந்தச் செலவு வரியாக வசூலிக்கப்படவில்லை, விற்கிறவர் கையிலிருந்து போகிறது. 2022இல், ரொம்பவும் சிரமப்படுகிறவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழி திறந்தது. முப்பத்து மூன்று வருடம் கழித்து அந்தச் செலவில் கொஞ்சம் பொதுப் பெட்டிக்கு மாறியது.

சரி, லிஃப்டுக்கு வருவோம். மச்சானின் கேள்விக்கு நேரான பதில் நகர மன்றம். 1988 சட்டத்தின்படி அமைந்தவை அவை. பேட்டையைத் துப்புரவாக வைப்பது, விளக்கு, சாயம், லிஃப்ட் எல்லாம் அவற்றின் பொறுப்பு. வீடு கட்டுவது அவற்றின் வேலை இல்லை. எங்கள் நான்கறை வீட்டுக்கு மாதம் சுமார் 70 வெள்ளி பராமரிப்புக் கட்டணம்; ஓரறை வீட்டுக்காரர் அதைவிட நன்றாகவே குறைவாகக் கட்டுகிறார், லிஃப்ட் அவரையும் அதே மாடிக்குத்தான் தூக்கிச் செல்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து, கட்டணத்திலும் மானியத்திலும் குறைந்தது 14 விழுக்காட்டை லிஃப்ட் மாற்றும் நிதியில் தனியாகப் போட வேண்டும். எழுபதில் கிட்டத்தட்ட பத்து வெள்ளி. மாதம் பத்து வெள்ளி. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது.

இங்கேதான் சிங்கப்பூருக்குள்ளேயே ஒரு ஆர்ச் கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு நகர மன்றமும் தன் நிதியைத் தானே வைத்திருக்கிறது. எண்பதுகளில் ஒரே மூச்சில் கட்டிய பேட்டைக்கு லிஃப்டுகளும் ஒரே மூச்சில் வயதாகும். புங்கோல் மாதிரிப் புதிய நகரத்தில் பெட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது பழைய பேட்டையில் கரைந்துகொண்டிருக்கும். நகர மன்றங்கள் தமக்குள் சீட்டுப் போட்டுக்கொள்வதில்லை. பக்கத்துத் தொகுதியின் பழைய லிஃப்டுக்கு நம் கட்டணத்திலிருந்து கொடுப்போமா என்று யாரும் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. அந்த இடைவெளியை மேலிருந்து அரசாங்கம் நிரப்புகிறது. 2016இல் லிஃப்டுகளை மேம்படுத்த அறிவித்த 450 மில்லியன் வெள்ளித் திட்டம் அப்படிப்பட்டது. செலவில் 90 விழுக்காடு வரை அரசு ஏற்றுக்கொண்டது. தேர்தலுக்குத் தேர்தல் எல்லை மாறும்போது சில புளோக்குகள் ஒரு மன்றத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். பழைய லிஃப்டும் கூடவே போகும்.

2008இல் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தபோது சில நகர மன்றங்கள் தங்கள் நிதியில் ஒரு பங்கை அந்த வங்கியோடு தொடர்புடைய முதலீடுகளில் போட்டிருந்தது தெரியவந்தது. அதுவரை அந்தப் பெட்டி தங்களுடையது என்பதே குடியிருப்பாளர்கள் பலருக்கு உறைத்திருக்கவில்லை. அப்புறம் கொஞ்ச நாள் காப்பிக்கடையில் எல்லாரும் நிதி ஆலோசகர்களாக இருந்தோம்.

வாடகை வீடுகளைச் சொல்லாமல் விட்டால் மச்சான் கோபித்துக்கொள்வார். அவர் ஊரில் மலிவு வீடு என்றாலே வாடகை வீடுதான். இங்கே வீவக வாடகை வீடுகள் மொத்தத்தில் சிறு பங்கு. பொதுவாக மாத வருமானம் 1,500 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு. வாடகை 26 வெள்ளியிலிருந்து தொடங்கும். 26 என்றதும் மச்சான் ஒரு பூச்சியம் விட்டுப்போயிற்றா என்று கேட்டார். விட்டுப்போகவில்லை. ஆனால் வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டி, சொந்த வீட்டுக்கும் எட்டாமல் நடுவில் நிற்பவர்களுக்கு நம் ஏற்பாட்டில் இடம் குறுகல். ஆர்ச் மாதிரி அமைப்புகள் கட்டுவது பெரும்பாலும் அந்த நடுவில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அவர்கள் கிளம்பும் நாளில் இரண்டாவது லிஃப்டில் பெரிய வரிசை. பெட்டிகளோடு நின்றுகொண்டே மச்சான் கணக்குப் போட ஆரம்பித்தார். "இந்த புளோக் எப்ப கட்டினது?"

"86."

"99 வருஷக் குத்தகைன்னா 2085. இப்ப போடுற லிஃப்ட் ஒரு முப்பது வருஷம் ஓடும்னு வையி. 2050களில் இன்னொண்ணு. 2080களில் இன்னொண்ணு. குத்தகை முடிய நாலஞ்சு வருஷம் இருக்கும்போது யாரு புது லிஃப்ட் போடுவாங்க? யாரு காசு?"

பழைய பேட்டைகளைக் குத்தகை முடியும் முன்னரே, சுமார் எழுபதாம் ஆண்டுவாக்கில், குடியிருப்பாளர் வாக்களித்தால் அரசு திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்று 2018இல் அறிவிக்கப்பட்டது. எங்கள் புளோக்குக்கு எழுபது ஆகும்போது 2056. நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது லிஃப்ட் வந்துவிட்டது. பெட்டிகளைத் திணித்ததில் எனக்கு இடமில்லை. ஒன்பது மாடியும் படியில் இறங்கிப் போனேன்.